செவ்வாயில் குடியேறினால்: வாசகர் கேள்விகள்

கேள்வி: செவ்வாய்க் குடியிருப்பில் எந்த நாட்டுச் சட்டம் செல்லும்?

பதில்: விண்கலத்தைப் பதிவுசெய்த நாட்டின் சட்டம். 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தத்தின் 2ஆம் பிரிவு, வேற்றுக்கோளின் நிலத்தை எந்த நாடும் சொந்தம் கொண்டாடக் கூடாது என்கிறது. 8ஆம் பிரிவோ, பதிவான கலமும் அதிலிருப்போரும் அந்தந்த நாட்டின் அதிகாரத்துக்குள் என்கிறது. ஆக, மண்ணுக்கு உரிமையாளர் இல்லை, அதன்மேல் நிற்கும் கூடத்துக்கு மட்டும் சட்டம் உண்டு. இரு நாட்டுக் கூடங்களை இணைக்கும் சுரங்கத்தில் அடிதடி நடந்தால்? சர்வதேச விண்வெளி நிலையத்துக்கான 1998 உடன்படிக்கையின்படி, குற்றஞ்சாட்டப்பட்டவர் எந்த நாட்டவரோ அந்த நாடு விசாரிக்கலாம். ஏழு பேர் ஆறு மாதம் தங்கும் இடத்துக்கு அது போதும். ஆளைச் சீக்கிரம் தரையிறக்கிவிடலாம். ஆனால் செவ்வாய்க்கும் பூமிக்கும் இடையே பயண வாய்ப்பு ஏறத்தாழ 26 மாதத்துக்கு ஒருமுறைதான். அதுவரை புகார் கொடுத்தவரும் குற்றஞ்சாட்டப்பட்டவரும் ஒரே காற்றைச் சுவாசிக்க வேண்டும். உள்ளூர் நடுவர் யார், அவருக்கு என்ன அதிகாரம் என்பதைக் கிளம்பும் முன்பே எழுதி வைக்காவிட்டால், முதல் சண்டையே நிர்வாகத்தைக் கவிழ்த்துவிடும்.

கேள்வி: பூமியிலிருந்தே நிர்வகிக்க முடியாதா?

பதில்: முடியாது. ஒரு செய்தி போய்ச் சேர 3 முதல் 22 நிமிடம் ஆகும். பதிலுக்கும் அதே நேரம். இரு கோள்களுக்கும் நடுவே சூரியன் வரும்போது இரண்டு வாரம் தொடர்பே நம்பகமாக இருக்காது. கூடத்திலிருந்து காற்று கசிந்தால் அவ்வளவு நேரம் பொறுக்காது. முடிவெடுக்கும் பழக்கம் அங்கே வேர்விட்டபின் பூமியின் உத்தரவு ஆலோசனையாகத் தேய்வது இயல்பு. ஆனால் உதிரிபாகம் பூமியிலிருந்து வரும்வரை தனிநாட்டுப் பேச்செல்லாம் வாய்ச்சவடால்தான்.

கேள்வி: வழிபாட்டு நேரம், பண்டிகை?

பதில்: முன்மாதிரி உண்டு. பூமியை நாளொன்றுக்கு சுமார் 16 முறை சுற்றும் நிலையத்துக்கு 2007இல் சென்ற மலேசிய வீரருக்காக வகுத்த வழிகாட்டி, கிளம்பிய இடத்தின் கடிகாரப்படி ஐவேளைத் தொழுகையை அனுமதித்தது. செவ்வாயில் தொல்லை வேறு. அங்கே ஒரு நாள் 24 மணி 39 நிமிடம், ஆண்டு 687 பூமி நாள். பூமிக் கடிகாரத்தையே பிடித்துக்கொண்டால் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை பகல் இரவாகும் குழப்பம் முழுச் சுற்று சுற்றிவிடும். வேலைக்கு உள்ளூர் நேரம், பண்டிகைக்குப் பூமி நாள்காட்டி என இரண்டையும் வைத்துக்கொள்வதே தேவலை.

கேள்வி: பேச்சு மொழி மாறுமா?

பதில்: மாறும், சீக்கிரமாகவே. அண்டார்க்டிகாவில் ஒரு குளிர்காலம் சேர்ந்திருந்த 11 பேரின் உச்சரிப்பிலேயே சிறு மாற்றங்கள் தென்பட்டதாக 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. அவசரகாலக் கட்டளைச் சொற்களை மட்டும் மாற்றாமல் வைத்து, மாதந்தோறும் ஒத்திகை பார்ப்பது நல்லது.