உலைப்பானையும் கரும்பொசுபரசும்

கடிதம்:

வணக்கம் ஐயா. ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறேன். உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிறேன். பெரும் அமுக்கத்தில் மூலகங்களுக்குப் புதிய வடிவங்களை உண்டாக்குகிறார்கள் என்று வாசித்தேன். அவை புதிய மூலகங்களா? அமுக்கத்தை விட்டதும் பழையபடி ஆகிவிடுமென்றால் எதற்கு இவ்வளவு பாடு?

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

புதிய மூலகமில்லை. அணுக்கரு அப்படியே இருக்கிறது. அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம்தான் மாறுகிறது. பாடத்தில் பிறதிருப்பம் என்று படித்திருப்பீர்கள்.

நுவரெலியாவில் என் பாட்டி சோறாக்கும்போது உலை தளதளவென்று கொதிக்கும், அரிசி மட்டும் இலேசில் வேகாது. பாட்டி ஈர விறகைத் திட்டுவார். விறகின்மேல் பிழையில்லை. ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் காற்றின் அமுக்கம் குறைவு. நீர் 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுகிறது. புத்தகத்தில் நாம் மனனம் செய்யும் கொதிநிலையெல்லாம் கடல் மட்டத்துக் கணக்கு. அமுக்கம் கொஞ்சம் குறைந்ததற்கே இப்படியென்றால், பல்லாயிரம் மடங்கு கூட்டினால்?

1914இல் அமெரிக்கரான பேர்சி பிரிட்ஜ்மன் அதைத்தான் செய்தார். பொசுபரசு என்ற மூலகத்தின் ஒரு வடிவமான வெண்பொசுபரசை இன்னொரு வடிவமான செம்பொசுபரசாக்க நினைத்து, 200 பாகை வெப்பத்தில், சுமார் 12,000 வளிமண்டல அமுக்கத்தில் வைத்தார். கிடைத்ததோ கரும்பொசுபரசு! வெண்பொசுபரசைத் தண்ணீருக்குள் வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும், காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும். கரும்பொசுபரசோ காற்றில் சும்மா கிடக்கும், மின்னையும் கடத்தும். அமுக்கத்தை எடுத்த பிறகும் கருப்பாகவே இருந்தது. ஆகவே எல்லாமே பழையபடி ஆவதில்லை, மகளே.

சோடியம் திரும்பிவிடும் வகை. எண்ணெயிலிருந்து எடுத்து ஆசிரியர் கத்தியால் வெட்டும்போது, மங்குவதற்குள் அந்த வெட்டுமுகத்தை உற்றுப் பாருங்கள். வெள்ளியாய் மின்னும். தடையின்றி அலையும் இலத்திரன்கள் தரும் மினுக்கம் அது. இரண்டு வைர முனைகளுக்கு நடுவே வைத்து 20 இலட்சம் வளிமண்டலம் வரை நெருக்கினால், அந்த இலத்திரன்கள் அணுக்களின் இடுக்குகளில் சிக்கி நின்றுவிடுகின்றன. சோடியம் கண்ணாடிபோல் ஒளியை ஊடே போகவிடுகிறது. 2009இல் இதை வெளியிட்டார்கள். அமுக்கத்தை விட்டால் மறுபடி மின்னும் உலோகம்தான்.

அந்தப் பாடு வீணென்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். பூமியின் மையத்தில் அமுக்கம் ஏறத்தாழ 36 இலட்சம் வளிமண்டலம். அங்கே அமுக்கத்தை விடுவதற்கு யாருமில்லை. நெருக்கப்பட்ட நிலைதான் அங்கே இயல்பு நிலை. வியாழனுக்குள் ஐதரசனே உலோகமாகக் கிடப்பதாகவும், அக்கோளின் பெரும் காந்தப்புலம் அதிலிருந்து பிறப்பதாகவும் கருதுகிறார்கள். போய்ப் பார்க்க முடியாத அந்த இடங்களை, வைர முனைகளுக்கு நடுவே மயிரிழை அகலத்துக்குள் செய்து பார்க்கிறார்கள்.