சோவியத் மீன்பிடித்துறை: ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வங்கக் கடலின் மீன்வளக் குறைவைப் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். ‘தனியார் லாபத்தை நீக்கிவிட்டால் மட்டும் கடல் பிழைத்துவிடாது, சோவியத் ஒன்றியத்தின் அனுபவமே அதற்குச் சான்று’ என்று அதில் ஒரு வரி வருகிறது. என் அப்பா துறைமுகத் தொழிற்சங்கத்தில் இருந்தவர். எங்கள் வீட்டுக்குச் ‘சோவியத் நாடு’ இதழ் வரும். நடுக்கடலிலேயே மீனை வெட்டி, உறையவைத்து, பெட்டியில் அடைக்கும் கப்பல்களின் படங்களை அதில் பார்த்து வளர்ந்தவன் நான். கப்பல்கள் அரசுடையவை, கடலியல் ஆராய்ச்சி நிலையங்கள் நிறைய இருந்தன, எல்லாவற்றுக்கும் ஒரே அமைச்சகம். இவை மூன்றும் ஒருங்கே அமைந்த நாட்டில் கடலைக் காப்பது எளிதாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? தங்கள் வரிக்கு விளக்கம் தர வேண்டுகிறேன்.

ம., தூத்துக்குடி

அன்புள்ள ம. அவர்களுக்கு,

நீங்கள் குறிப்பிட்ட மூன்றும் உண்மை. அந்தக் கப்பல்களும் உண்மை. 1954இல் பிரிட்டன் ‘ஃபேர்ட்ரை’ என்ற முதல் தொழிற்சாலை இழுவலைக் கப்பலை மீன்பிடிக்க அனுப்பியது. அதே காலத்தில் மேற்கு ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில், ஏறக்குறைய அதே அமைப்பில், 24 கப்பல்களை மாஸ்கோ கட்டச் சொல்லியிருந்தது. அவை ‘புஷ்கின்’ வரிசை எனப்பட்டன. பிறகு கருங்கடல் பக்கம் நிகோலாயெவில் சோவியத்துகள் தாமே கட்டத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 85 மீட்டர் நீளமும் நூறு பேர் அளவிலான பணியாளர்களும் கொண்ட அந்தக் கப்பல்கள், பின்புறச் சரிவின் வழியாக வலையை மேலே இழுத்து, கீழ்த்தளத்தில் மீனைக் குடல் நீக்கி உறையவைத்து, மிஞ்சியதை மீன்தூளாக அரைத்துவிடும். எண்ணெய்க் கப்பலும் சரக்குக் கப்பலும் கடலிலேயே வந்து சேர்வதால், மூர்மன்ஸ்கிலிருந்தோ விளாதிவஸ்தோக்கிலிருந்தோ புறப்பட்டவர்கள் மாதக்கணக்கில் கரை திரும்ப வேண்டியதில்லை. 1950இல் சுமார் 17 லட்சம் டன்னாக இருந்த மீன்பாடு 1970இல் 78 லட்சம் டன்னுக்கு உயர்ந்தது, 1970களின் நடுவில் ஒரு கோடி டன்னைத் தாண்டியது, 1980களின் இறுதியில் ஒரு கோடியே 13 லட்சம் டன்னைத் தொட்டது. போரில் நொறுங்கிப்போன, இறைச்சி எப்போதும் பற்றாக்குறையாக இருந்த ஒரு நாட்டுக்கு மலிவான புரதத்தைக் கொண்டுவந்து கொடுத்த இந்த முயற்சியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

சிக்கல் இந்த டன் கணக்கிலேயே இருக்கிறது. 1940 முதல் 1979 வரை, சிறிய இடைவெளிகள் நீங்கலாக, இந்தத் துறையை நடத்தியவர் அலெக்சாந்தர் இஷ்கோவ். அவருடைய அமைச்சகத்திலிருந்து ஒவ்வொரு கடற்பகுதிக்கும், அங்கிருந்து ஒவ்வொரு கப்பலுக்கும் இலக்கு இறங்கிவரும். அந்த இலக்கு முதன்மையாக எடையில் அளக்கப்பட்டது. சென்ற ஆண்டு எட்டிய அளவின் மேல் சற்றுக் கூட்டி இந்த ஆண்டின் இலக்கு வைக்கப்படும். இலக்கை முடித்தால் கப்பல் முழுவதற்கும் ஊக்கத்தொகை உண்டு, முடிக்காவிட்டால் இல்லை. இந்த நிலையில் ஒரு கப்பல் தலைவர் என்ன செய்வார்? வலையின் மடியில் ஏறியது நல்ல காட் மீனா, முட்டையிடும் வயதுக்கு வராத குஞ்சா, மீன்தூள் ஆலைக்கு மட்டுமே ஆகும் கழிசலா என்பது அவருக்கு இரண்டாம் கேள்வியாகிவிடும். தராசில் எல்லாம் ஒன்றுதான். எரிபொருளை அரசு மலிவு விலைக்குக் கொடுத்ததால், எவ்வளவு தொலைவு போய் அந்த ஒரு டன்னைக் கொண்டுவந்தோம் என்பதும் அவரை உறுத்தாது. தனி மனிதரின் பேராசைக்கு இதில் இடமே இல்லை என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேராசைக்காரரின் கப்பல் கடலில் செய்வதையே இந்தக் கப்பலும் செய்தது.

அண்டார்க்டிக் பக்கம் தெற்கு ஜார்ஜியா என்ற தீவு இருக்கிறது. அதைச் சுற்றிய நீரில் நோத்தோத்தேனியா எனப்படும் மீன் வாழ்கிறது. குளிர்ந்த நீரில் மெல்ல வளர்ந்து, பல ஆண்டுகள் கழித்தே இனப்பெருக்கத்துக்கு வரும் மீன் அது. அதுவரை யாரும் பெரிய அளவில் பிடிக்காததால் பல தலைமுறை மீன்கள் ஒன்றாகத் திரண்டிருந்தன. 1969-70 பருவத்தில் சோவியத் கப்பல்கள் அங்கே ஏறத்தாழ 4 லட்சம் டன் பிடித்தன. அடுத்த பருவத்தில் கிடைத்தது சுமார் 1 லட்சம் டன். அதன் பிறகு சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டே பருவத்தில் ஒரு மீன்கூட்டம் முடிந்துபோனது, பல பத்தாண்டுகள் கழித்தும் பழைய நிலைக்கு வரவில்லை. எட்டிய அளவிலிருந்து அடுத்த இலக்கை வைக்கும் முறையை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். மீன்கூட்டம் சேர்த்துவைத்திருந்த முதலை அந்த முறை ஆண்டு வருமானமாக எண்ணிக்கொண்டது. நோத்தோத்தேனியா தீர்ந்ததும் இலக்கு குறைந்திருக்கலாம் அல்லவா? குறையவில்லை. கப்பல்களே வேறு கடலுக்குப் போயின.

அப்படிப் போவதற்கும் ஓர் எல்லை 1977இல் வந்தது. அமெரிக்காவும் கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் தம் கரையிலிருந்து 200 கடல் மைல்வரை தமக்கே உரியது என்று அறிவித்தன. சோவியத் ஒன்றியமும் அதே காலத்தில் தன் எல்லையை அறிவித்தது. பிறர் கரையோரங்களை நம்பிப் பெருத்திருந்த மீன்பிடிக் கப்பல் கூட்டத்துக்கு இது பேரிடி. கப்பல்களைக் குறைக்காமல், சிலி நாட்டுக்கு அப்பால் 200 மைலுக்கு வெளியே பசிபிக் நடுவில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்வரை பாரை மீன் இனம் ஒன்றைப் பிடித்தார்கள். அண்டார்க்டிக்கில் கிரில் எனப்படும் சிறு இறால்போன்ற உயிரை அள்ளினார்கள். கிரில் பிடிபட்ட சில மணி நேரத்துக்குள் பக்குவப்படுத்தாவிட்டால் தன் நொதிகளாலேயே கெட்டுவிடும். அதை அரைத்து ‘ஓக்கியான்’ என்ற பெயரில் விழுதாக்கிக் கடைகளில் வைத்தார்கள். வாங்க ஆள் குறைவு. 1976இல் கட்சியின் மத்தியக் குழு வியாழக்கிழமையை மீன் நாள் என்று மறுபடியும் நிலைநிறுத்தியது. அன்று ஆலை உணவகங்களில் இறைச்சி கிடையாது. கடலில் மீன்பாடு உலகின் முதல் வரிசையில் இருக்க, தட்டில் என்ன வருகிறது என்பதற்குத் தனியாக ஓர் ஆணை தேவைப்பட்டது.

இனி நீங்கள் ஆராய்ச்சி நிலையங்களைப் பற்றிச் சொன்னதற்கு வருகிறேன். என் கட்டுரையின் அந்த வரியை எழுதவைத்ததே இந்தப் பகுதிதான். சோவியத் கடலியலாளர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். திமிங்கில வேட்டைக் கப்பல்கள் ஒவ்வொன்றிலும் உயிரியலாளர்கள் உடன் சென்றார்கள், மேல்தளத்துக்கு இழுக்கப்பட்ட திமிங்கிலத்தின் இனம், நீளம், ஆணா பெண்ணா, கருவுற்றிருந்ததா என்பதுவரை குறித்தார்கள். அந்தக் குறிப்புகளிலிருந்து உண்மையான அறிக்கை மாஸ்கோவுக்குப் போகும். அதன்மேல் ‘இரகசியம்’ என்று முத்திரை விழும். சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணையத்துக்கு வேறோர் எண்ணிக்கை அனுப்பப்படும். தென்கோளத்தில் கூனல் திமிங்கிலங்கள் 2,710 பிடித்ததாக ஆணையத்திடம் சொன்னார்கள். உண்மையில் கொன்றது 48,000க்கும் மேல். முற்றாகத் தடைசெய்யப்பட்டிருந்த ரைட் திமிங்கிலத்தில் 4 என்று கணக்குக் காட்டினார்கள், கொன்றது 3,000க்கும் மேல். 1959 முதல் 1961 வரையிலான இரண்டு பருவங்களில் மட்டும் ஏறக்குறைய 25,000 கூனல் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக் கரையோர வேட்டை நிலையங்கள், வரவேண்டிய திமிங்கிலங்கள் ஏன் வரவில்லை என்று தெரியாமலேயே மூடப்பட்டன.

நம் பக்கத்துக் கடலும் தப்பவில்லை. 1966 நவம்பரை ஒட்டி, அண்டார்க்டிக்குக்குப் போகும் வழியில் சோவியத் கப்பல்கள் அரபிக் கடலில் ஓமான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியக் கரைகளுக்கு அப்பால் 242 கூனல் திமிங்கிலங்களைக் கொன்றன. அவை துருவத்துக்கு வலசை போகாமல் ஆண்டு முழுதும் இந்தக் கடலிலேயே இருக்கும் தனிக் கூட்டத்தைச் சேர்ந்தவை. இன்று ஓமான் கரையோரம் அந்தக் கூட்டத்தில் நூறுக்கும் குறைவாகவே இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். 1963 முதல் 1966 வரை வட இந்தியப் பெருங்கடலில் 1,200க்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்கள் இதே கப்பல்களால் கொல்லப்பட்டன.

இத்தனைக்கும் சோவியத் ஒன்றியத்துக்குத் திமிங்கில இறைச்சியின் மேல் ஜப்பானைப் போன்ற தேவை கிடையாது. கொன்ற உடலில் பெரும்பகுதியைப் பயன்படுத்தாமலே கடலில் தள்ளிய கப்பல்கள் உண்டு. இலக்கு நிறைவேற வேண்டும், அவ்வளவுதான். விளாதிவஸ்தோக் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஆல்ஃபிரெத் பெர்சின் என்ற உயிரியலாளர் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்புகளில் ஒரு செய்தி வருகிறது. இப்படியே போனால் நம் சந்ததியினருக்குத் திமிங்கிலமே மிஞ்சாதே என்று ஓர் அறிவியலாளர் சொன்னபோது, என்னைப் பதவியிலிருந்து நீக்கப்போவது அந்தச் சந்ததியினர் அல்லவே என்று அமைச்சர் இஷ்கோவ் பதில் சொன்னாராம். இஷ்கோவைக் கொடியவராக நான் பார்க்கவில்லை. தன் தலைக்கு மேல் யார் கேட்பார்கள், எதைக் கேட்பார்கள் என்பதை அவர் சரியாகவே அறிந்திருந்தார். (அவரை 1979இல் பதவியிலிருந்து இறக்கியதும் கடலின் நிலை அல்ல. ‘ஓக்கியான்’ என்றே பெயர் கொண்ட மீன் கடைகளில் நடந்த ஊழல் விசாரணையின்போது அவர் ஓய்வுபெற வேண்டியதாயிற்று. அவருடைய துணை அமைச்சர் ரீத்தவுக்கு மரண தண்டனையே நிறைவேற்றப்பட்டது.)

ஆகவே, ‘அறிவியல் இருந்ததே’ என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இது: இருந்தது, ஆனால் இலக்கை நிறுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை; வெளியே சொல்லும் உரிமையும் இல்லை. கலினின்கிராதிலிருந்து போன வேட்டைக் கப்பலில் பணிபுரிந்த ஓர் உயிரியலாளர், பல்லாயிரம் திமிங்கிலங்களைப் பற்றிய உண்மையான பதிவுகளை அழித்துவிடாமல், தம் வீட்டு உருளைக்கிழங்கு நிலவறையில் ஆண்டுக்கணக்கில் மறைத்துவைத்திருந்தார். 1993இல் ரஷ்ய உயிரியலாளர் அலெக்சேய் யப்லகோவ் இந்த மோசடியைப் பகிரங்கப்படுத்திய பிறகே அந்தத் தாள்கள் வெளியே வந்தன. அவற்றையும் அவரைப் போன்றவர்கள் காப்பாற்றிய தாள்களையும் கொண்டுதான் இன்றைய அறிவியலாளர்கள் பழைய எண்ணிக்கையைத் திருத்தினார்கள். இந்த மனிதர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மதிப்பும் வருத்தமும் சேர்ந்தே எழுகின்றன.

திட்டம் தன் இலக்கை எவ்வளவு தூரம் கட்டிக் காத்தது என்பதற்கு உஸ்பெகிஸ்தானின் மொய்னாக் ஊர் இன்னொரு காட்சி. 1950களில் ஆரல் கடலில் ஆண்டுக்கு நாற்பதாயிரம் டன்னுக்கும் மேல் மீன் கிடைத்தது. பருத்திப் பாசனத்துக்காக ஆமு தரியா, சிர் தரியா ஆறுகளைத் திருப்பிவிட்டதால் கடல் சுருங்கி, உப்பேறி, 1980களின் தொடக்கத்தில் மீன்பிடிப்பே நின்றுவிட்டது. மொய்னாக்கின் டப்பா மீன் ஆலையை மட்டும் உடனே மூடவில்லை. பால்டிக்கிலிருந்தும் பசிபிக்கிலிருந்தும் உறைந்த மீனை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுவந்து, கடல் போய்விட்ட ஊரில் டப்பாவில் அடைத்தார்கள். அந்த ஆலைத் தொழிலாளர்களின் வேலையைக் காப்பாற்றியது நல்ல செயல் என்றே நான் கொள்கிறேன். ஆனால் பருத்திக்கான இலக்கும் மீன் அமைச்சகத்தின் இலக்கும் மோதியபோது, ஆரல் கடலுக்காகப் பேசும் இருக்கை எந்த மேசையிலும் இல்லை.

சந்தைப் பொருளாதாரம் இதைவிட நன்றாகச் செய்தது என்று நான் வாதிடவில்லை. நியூஃபவுண்ட்லாந்தின் காட் மீன் 1992இல் முற்றாக விழுந்தது கனடாவின் ஆட்சியில்தான். கரையோர மீனவர்கள் அதற்கு முன்பே மீன் குறைகிறது என்று வெளிப்படையாக முறையிட்டார்கள், அரசு செவிசாய்க்கவில்லை. உண்மை ஊரறிய இருந்தும் பயன்படவில்லை என்பது உண்மை மறைக்கப்பட்டதைவிடச் சிறிய குற்றமா என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அங்கே முறையிட்ட மீனவர் நிலவறையில் தாள்களை ஒளித்துவைக்க வேண்டியிருக்கவில்லை.

உங்கள் தரப்புக்கு வலுவான சான்று ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். காஸ்பியன் கடலில் கேவியர் என்ற விலையுயர்ந்த மீன்முட்டையைத் தரும் ஸ்டர்ஜன் மீனை, முட்டையிட ஆற்றுக்குள் ஏறும் வழியில் மட்டுமே பிடிக்க வேண்டும் என்று 1962இல் சோவியத் அரசு தீர்மானித்து, திறந்த கடலில் அதைப் பிடிப்பதைத் தடைசெய்தது. ஈரானின் பகுதி நீங்கலாகக் கடல் முழுதும் ஒரே அரசின் கையில் இருந்ததால் அந்தத் தடை நின்றது. குஞ்சு பொரிப்பகங்கள் அமைத்துக் கோடிக்கணக்கான குஞ்சுகளை ஆற்றில் விட்டார்கள். 1970களின் பிற்பகுதியில் ஸ்டர்ஜன் மீன்பாடு ஆண்டுக்கு 25,000 டன்னைக் கடந்தது. நீங்கள் எதிர்பார்த்தபடி ஒரே அமைச்சகமும் ஆராய்ச்சி நிலையமும் அரசு உடைமையும் சேர்ந்து நன்மை செய்த இடம் அது. 1991க்குப் பின் அந்தக் கரை பல நாடுகளாகப் பிரிந்து, கள்ள வேட்டை பெருகி, ஸ்டர்ஜன் அழிவின் விளிம்புக்கு வந்தது. ஆனால் அந்தப் பொரிப்பகங்களை ஏன் அவ்வளவு பெரிய அளவில் கட்ட நேர்ந்தது என்றும் பார்க்க வேண்டும். 1950களின் இறுதியில் வோல்காவின் குறுக்கே, வோல்காகிராத் அருகே, மின்சார இலக்குக்காக அதே அரசு எழுப்பிய அணை, பெலூகா ஸ்டர்ஜன் காலங்காலமாக முட்டையிட்டுவந்த மேலாற்றுப் படுகைகளை ஏறக்குறைய முழுமையாக அடைத்துவிட்டது. வோல்காவின் பெலூகா அன்றிலிருந்து பெரும்பாலும் மனிதர் பொரித்துவிடும் குஞ்சுகளை நம்பியே வாழ்கிறது.