டர்பனில் வார நாள் இரவில் வீட்டாருக்குச் சட்டென்று என்ன சிப்பி, இறால் சமைக்கலாம்?

வேலை முடிந்து வந்து அரை மணி நேரத்தில் சாப்பாடு மேசைக்கு வர வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் மசல் சிப்பிதான். இறாலைப் போல உரித்துக் குடல் எடுக்கும் வேலை இல்லை.

உயிர்ச் சிப்பி கிடைத்தால் ஓட்டைத் தேய்த்துக் கழுவி, ஓரத்தில் தொங்கும் நாரைப் பிடுங்கிவிடுங்கள். வாய் திறந்திருப்பதைத் தட்டிப் பாருங்கள், மூடாவிட்டால் குப்பைக்கு. கடுகு, கறிவேப்பிலை தாளித்து வெங்காயம், பூண்டு, தக்காளி, நம்மூர் மசாலாத் தூள் சேர்த்து வதக்குங்கள். தக்காளி குழைந்ததும் சிப்பியைக் கொட்டி மூடுங்கள். தண்ணீர் வேண்டாம், உப்பும் கடைசியில் ருசி பார்த்துத்தான். சிப்பியே உப்பு நீர் விடும். 5 நிமிடத்தில் வாய் பிளக்கும். பிளக்காததை எடுத்து எறியுங்கள். சாற்றில் தொட்டுச் சாப்பிட பிரெட் போதும், சோறு வடிக்க வேண்டியதில்லை.

இறாலா? அதே மசாலாவில் 3 நிமிடம். சுருண்டு சிவந்ததும் அடுப்பை அணையுங்கள், தாமதித்தால் ரப்பர்.

பாறையில் நீங்களே பறிக்க உரிமம் வேண்டும். அப்புறம், நாட்டின் மேற்குக் கரையில் நச்சுப் பாசி பெருகிக் கடல் சிவக்கும் காலத்தில் அங்குள்ள சிப்பியைத் தொடாதீர்கள். அந்த நஞ்சு கொதித்தாலும் போகாது. உறைந்த பாக்கெட் சிப்பி பெரும்பாலும் ஏற்கெனவே வேகவைத்தது. அதைக் கடைசியில் போட்டு, நன்றாகச் சூடேறியதும் இறக்கினால் சரி.