“நீங்க உட்காருங்கம்மா” என்கிறார்கள்... என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 67 வயது. கும்பகோணத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவள். கணவர் காலமான பிறகு மகன் என்னைக் குரோம்பேட்டையில் தன் ஃப்ளாட்டுக்கு அழைத்து வந்துவிட்டான். மகனும் மருமகளும் தங்கமானவர்கள், இருவருக்கும் வேலை. பேரன் ஏழாம் வகுப்பு. சமையலுக்கு ஓர் அம்மா வருகிறார். நான் எதைத் தொட்டாலும் “நீங்க உட்காருங்கம்மா, ரெஸ்ட் எடுங்க” என்கிறார்கள். ஒரு நாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு போன் பேசப் போய்விட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் வந்துகொண்டிருந்திருக்கிறது. பக்கத்து அறையில் இருந்தும் எனக்கு வாசனையே தெரியவில்லை. மருமகள் வந்துதான் மூடினாள். அன்றிலிருந்து அடுப்படிக்குத் தடை. மாடிப்படியில் ஒரு தடவை தடுமாறியதால் தனியாகக் கடைக்குப் போகவும் தடை. நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளுக்குள் அழுகையாக வருகிறது. நல்ல பிள்ளைகளைப் பற்றி இப்படி நினைப்பது நன்றி கெட்டதனமா? பேசாமல் ஊருக்கே திரும்பிப் போய்த் தனியாக இருந்துவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நன்றி கெட்டதனம் என்ற பேச்சையே விடுங்கள். பிள்ளைகள் உங்கள் மேல் வைத்திருக்கும் பாசமும் நிஜம், உங்கள் அழுகையும் நிஜம். நானும் ஏறக்குறைய உங்கள் வயதுக்காரிதான் என்பதால், உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

கும்பகோணத்தில் உங்கள் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் கண் விழித்ததிலிருந்து எத்தனை முடிவுகள் எடுத்திருப்பீர்கள்! இன்றைக்குப் பால் எவ்வளவு, கத்தரிக்காயா வாழைக்காயா, புளி மாசக் கடைசி வரை வருமா, தெருமுனைக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் எழுதுவது, கிரைண்டர் ரிப்பேரை இப்போது பார்ப்பதா தீபாவளிக்கு அப்புறம் பார்ப்பதா. அத்தனையும் உங்கள் தலையில் ஓடியது. அலுப்பாகத்தான் இருந்திருக்கும், ‘எப்போதுதான் விடுதலையோ’ என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள். இப்போது விடுதலை கிடைத்துவிட்டது, கூடவே அந்த முடிவுகளும் கைவிட்டுப் போய்விட்டன. வேலை குறைந்ததற்காக நீங்கள் அழவில்லை. உங்களைக் கேட்டு இந்த வீட்டில் எதுவும் நடப்பதில்லை என்பதுதான் தாங்கவில்லை. அப்படித்தான் எனக்குப் படுகிறது.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 1976-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் நடத்தியது. ஒரு மாடியில் இருந்தவர்களிடம், ‘உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, பொழுதை எப்படிக் கழிப்பது எல்லாம் உங்கள் இஷ்டம்’ என்று சொல்லி ஆளுக்கு ஒரு செடியும் கொடுத்தார்கள். அதைப் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. இன்னொரு மாடியில் இருந்தவர்களுக்கும் அதே கனிவு, அதே செடி. ஆனால் தண்ணீர் ஊற்றுவதை நர்ஸ்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லப்பட்டது. சில வாரங்களிலேயே, செடியைத் தாங்களே பார்த்துக்கொண்டவர்கள் கூடுதல் சுறுசுறுப்போடும் சந்தோஷத்தோடும் இருந்தார்கள். உங்கள் மகன் வீட்டில் கனிவுக்குக் குறைவில்லை. செடிக்குத் தண்ணீரை வேறு யாரோ ஊற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

என் மாமியார் எண்பதைத் தாண்டியும் எங்கள் வீட்டில் கீரை அவர் பொறுப்பாகவே இருந்தது. முருங்கைக்கீரை என்றால் முதல் நாள் ராத்திரியே கொத்தோடு ஈரமில்லாத துணியில் இறுக்கிச் சுற்றி வைத்துவிடுவார். காலையில் பிரித்து உதறினால் பாதி இலை தானாகவே உதிர்ந்திருக்கும். மீதியைக் காம்பு காம்பாக எடுத்து, நுனியிலிருந்து அடிப்பக்கமாக இரண்டு விரலால் உருவுவார். பழுத்த இலை ஒன்றுகூடத் தப்பாது. நாங்கள் செய்தால் பத்து நிமிஷம், அவருக்கு ஒரு மணி நேரம். ஆனாலும் அந்த முறத்தை அவர் மடியிலிருந்து எடுக்க எங்களில் யாருக்கும் மனசு வந்ததில்லை. கீரைக்காரம்மாவைக் கூப்பிட்டுப் பேரம் பேசுவதும், இன்றைக்கு அரைக்கீரையா சிறுகீரையா என்று தீர்மானிப்பதும் அவர்தான். அவர் வாங்குவதைப் பார்த்துத்தான் எங்கள் குழம்பு முடிவாகும். அந்த வயதில் அவரால் முடிந்தது அவ்வளவுதான், ஆனால் அதில் வேறு யாரும் தலையிட்டதில்லை.

அதனால், பிள்ளைகளிடம் “நானும் ஏதாவது கூடமாட செய்கிறேனே” என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் “வேண்டாம்மா” என்ற பதில்தான் வரும். முழுசாக ஒரு பொறுப்பைக் கேளுங்கள். நீங்கள் செய்யாவிட்டால் அன்றைக்கு அது நடக்காது என்று இருக்க வேண்டும். உதாரணத்துக்கு மாத மளிகை. டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்து லிஸ்ட் எழுதுவது, கடைக்குச் சொல்வது, வந்த சாமானைச் சரிபார்ப்பது, பில் கணக்கு எழுதுவது எல்லாம் உங்கள் கையில் வரட்டும். வேலைக்குப் போகும் மருமகளுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்று அவர்களுக்கே பிறகு தெரியும். பேரன் பள்ளிவிட்டு வந்ததும் கொடுக்கும் டிபன் இன்னொன்று. அவன் தமிழ்ப் பாடத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். ஊறுகாய், வடாம், பொடி வகைகள் உங்கள் இலாகா என்று அறிவித்துவிடலாம். மூன்றையும் ஒரே நாளில் கேட்க வேண்டாம். ஒன்றை வாங்கி, மூன்று மாதம் குறையில்லாமல் நடத்திக் காட்டுங்கள். சமையல் முழுவதையும் திரும்பப் பிடிக்கப் பார்க்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அது உங்கள் மருமகளின் அடுப்படி, நீங்கள் இளையவளாக இருந்தபோது உங்களுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டியிருந்தது.

கேஸ் விஷயத்தில் நான் உங்கள் மகன் பக்கம்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். கேஸுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றே நாற்றமடிக்கும் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். வயது ஏற ஏற, கண் காது மாதிரியே மோப்பமும் மங்கும். கண்ணாடி போடும் நமக்கு மூக்கும் மங்கியிருக்கும் என்பது தோன்றுவதே இல்லை. பக்கத்து அறையில் இருந்தும் உங்களுக்கு வாசனை எட்டவில்லை என்பது அலட்சியமாக விடக்கூடிய சங்கதி இல்லை. சாம்பிராணி, பெருங்காயம், காபித்தூள் வாசனைகள் முன்போலத் தெரிகின்றனவா என்று நீங்களே பார்த்து, டாக்டரிடமும் சொல்லுங்கள். தீ அணைந்தால் கேஸ் தானாக நின்றுவிடும் அடுப்புகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. அடுத்த பிறந்தநாளுக்குப் புடவை வேண்டாம், அந்த அடுப்பு வேண்டும் என்று மகனிடம் கேளுங்கள். ரப்பர் டியூபை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், வீட்டில் எப்போது மாற்றினார்கள் என்று விசாரியுங்கள். கசிவுப் புகாருக்கான 1906 என்ற எண்ணை அடுப்படிக்கு வெளியே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அடுப்பு எரியும்போது போனை எடுப்பதில்லை என்பதை ஒரு விரதமாகவே வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்த பிறகு, வீட்டில் இன்னொருவர் இருக்கும் நேரத்தில் அடுப்பைத் தொடுவதற்கு அனுமதி கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

பாலை மறந்தது ஞாபகமறதி நோயோ என்று உள்ளூரப் பயந்துகொண்டிருப்பீர்கள். போன் வந்தால் பாலை மறப்பது முப்பது வயதிலும் நடக்கிறது. தெரிந்த தெருவில் வழி தப்புவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, சில்லறை எண்ணக் குழம்புவது இதெல்லாம் வந்தால்தான் கவலைப்பட வேண்டும், உடனே டாக்டரிடம் போகவும் வேண்டும். இருந்தாலும் ஒரு தடவை பரிசோதித்துக்கொள்வது நிம்மதி. தைராய்டு குறைந்தாலும் மறதி வரும், வைட்டமின் பி12 குறைந்தாலும் வரும். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு பி12 குறைவது சகஜம், இரண்டுக்கும் மருந்து உண்டு. முதியோர் மருத்துவத்தில் சென்னைக்குப் பழைய பெயர் உண்டு. டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-லேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியவர்களுக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கினார். கிண்டியில் 2024-ல் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயில் ஏறினால் கிண்டி தூரமில்லை. மகனையோ மருமகளையோ அழைத்துப் போய் மறதி, மோப்பம், காது, தடுமாற்றம் நான்கையும் சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தடுமாற்றம் என்றதும் நடையை நிறுத்திவிட்டார்களே, அதில் நான் உங்கள் பக்கம். முப்பது வயதுக்கு மேல் பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறையும், அறுபதுக்கு மேல் அந்த வேகம் இன்னும் கூடும். விழுந்துவிடுவோம் என்று உட்கார்ந்தே இருந்தால் கால் இளைத்து, நிஜமாகவே விழும் நாள் கிட்டே வரும். 65 வயதைத் தாண்டியவர்களும் வாரத்துக்கு 150 நிமிஷமாவது நடப்பது போன்ற மிதமான உழைப்பு செய்ய வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருங்கள். பத்துத் தடவை முடிந்தால் சந்தோஷம், முடியாவிட்டால் மூன்றில் ஆரம்பியுங்கள். அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நில்லுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், காலையில் எழுந்ததும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு அப்புறம் நில்லுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, குதிகாலில் பட்டை வைத்த செருப்பு வாங்குங்கள்.

பிறகு மெல்ல மெல்ல வெளியே போகலாம். முதல் வாரம் பேரனோடு, அடுத்த வாரம் தெருமுனை வரை தனியாக. தமிழ்நாட்டில் 2021-லிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும் போய்வர யாரிடமும் பத்து ரூபாய்கூடக் கேட்க வேண்டாம். பஸ்ஸில் ஒரு காலேஜ் பெண் எழுந்து இடம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ‘நமக்கு இவ்வளவு வயசாகிவிட்டதா’ என்று முகம் சுண்ட வேண்டாம். இடம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால்தான் இறங்கி நடக்கத் தெம்பிருக்கும்.

இதை மகனிடம் எப்படிப் பேசுவது? ஆபீஸ் முடிந்து களைத்து வரும் ராத்திரியில் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை காபிக்கு அப்புறம், மருமகளும் பக்கத்தில் இருக்கும்போது பேசுங்கள். அழுதுகொண்டே ஆரம்பிக்க வேண்டாம், அழுதால் அவர்கள் பயந்து இன்னும் அதிகமாகப் பொத்தி வைப்பார்கள். “தம்பி, நீங்க ரெண்டு பேரும் என்னை ராணி மாதிரி வெச்சிருக்கீங்க. ஆனா சும்மா உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு உடம்பும் மனசும் கெட்டுப்போகுது. மளிகை லிஸ்ட், கணக்கு ரெண்டையும் இந்த மாசத்திலேர்ந்து நான் பார்த்துக்கறேன். தப்பு வந்தா சொல்லுங்க, திருத்திக்கறேன். அடுப்புக்கு நீங்க சொல்ற ஏற்பாடெல்லாம் செஞ்சுக்கலாம்.” இவ்வளவு போதும். மருமகளிடம் தனியாக ஒரு வார்த்தை, “உனக்கு எது பெரிய தலைவலியா இருக்குன்னு சொல்லும்மா, அதை நான் எடுத்துக்கறேன்” என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் நினைக்காத பதில் வரக்கூடும்.

ஊருக்குத் திரும்புவதைப் பற்றி இந்த அழுகையில் முடிவு எடுக்காதீர்கள். கும்பகோணத்து வீட்டை விற்கவும் வேண்டாம், யார் பேருக்கும் எழுதவும் வேண்டாம், குறைந்தது ஒரு வருஷம் அப்படியே இருக்கட்டும். உங்கள் மகன் மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. போக ஓர் இடம் இருக்கிறது என்ற தைரியத்தோடு இங்கே இருப்பது வேறு, போக்கிடமில்லாமல் இருப்பது வேறு. கோடை விடுமுறையில் பேரனையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு மாதம் இருந்து பாருங்கள். உழவன் எக்ஸ்பிரஸ் தாம்பரத்திலேயே நிற்கிறது. மூத்த குடிமக்களுக்கான ரயில் சலுகை 2020-ல் நின்றுபோனது, முழுக் கட்டணம்தான். ஆனால் காலியிடம் இருந்தால் 45 வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கீழ் பெர்த் ஒதுக்குகிறார்கள், அதனால் சீக்கிரமே டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள். போவதற்கு ஒரு வாரம் முன்னால் பக்கத்து வீட்டில் சொல்லிக் கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்து, தண்ணீர்த் தொட்டியைக் கழுவச் செய்யுங்கள். வெயில் நாளாக இருக்கும், மொட்டை மாடியில் வடாமும் போட்டுவிடலாம்.