சிறு கல்லூரியில் எம்.ஏ. வரலாறு: ஓய்வுபெற்ற பேராசிரியை பதில் சொல்கிறார்

கேள்வி: மேடம், எங்கள் ஊர் அரசுக் கல்லூரியில் எம்.ஏ. வரலாற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர்தான் சேர்கிறார்கள். சென்னைக்குப் போனால்தான் மதிப்பா?

பதில்: இல்லை. இணைப்புக் கல்லூரி என்றால் பட்டம் தருவது பல்கலைக்கழகம்தான். உங்கள் ஊர்க் கல்லூரியில் உங்களுக்குக் கிடைக்கப்போவது ஆசிரியரின் நேரம். பத்துப் பேர் உள்ள வகுப்பில், நீங்கள் எழுதியதை வரிவரியாகத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்கலாம். தயங்காமல் கேளுங்கள், பலர் கேட்பதே இல்லை. குறை பெரும்பாலும் நூலகத்தில்தான் இருக்கும். சேருமுன் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். அலமாரியில் கைடுகள் மட்டும் இருந்தால், மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகிவிடுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா இணையதளம், பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். இரண்டும் இலவசம்.

கேள்வி: நான் தமிழ் வழியில் படித்தவள். சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும் அம்மா. கல்வெட்டும் ஓலையும் தமிழில்தானே இருக்கின்றன? 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியைப் படிக்க அங்கே பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு வேண்டும். அவர் எழுதியதும் தமிழில்தான், உங்களால் நேராகவே படிக்க முடியும். ஆனால் ஆங்கிலத்தை விட்டுவிடாதீர்கள், தினம் இரண்டு பக்கமாவது படியுங்கள். கல்லூரி ஆசிரியராவதற்கான தகுதித் தேர்வான நெட்டில் வரலாற்று வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும்.

கேள்வி: கடைசிப் பருவத்து புராஜெக்ட்டுக்கு 'விடுதலைப் போரில் பெண்கள்' என்று தலைப்பு எடுக்கலாமா மேடம்?

பதில்: வேண்டாம் தம்பி. நல்ல விஷயம்தான், ஆனால் ஒரு பருவத்துக்குள் அடங்காது. கடைசியில் நாலு புத்தகத்திலிருந்து எடுத்து ஒட்டத்தான் நேரம் இருக்கும். டவுன் பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரத்தில் ஒன்றை எடுங்கள்: ஒரு ஏரி, வாரச்சந்தை, நூற்பாலை, மிஷன் பள்ளி.

ஏரி என்றே வைத்துக்கொள்வோம். முதலில் மதகைப் பாருங்கள், சில ஏரிகளில் கல்வெட்டு இருக்கும். பக்கத்துக் கோயில் கல்வெட்டுகள் 1890 முதல் வெளிவரும் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகளில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். அப்புறம் மாவட்ட கெசட்டியர் (மாவட்டத்தைப் பற்றி அரசு வெளியிட்ட விவரத் தொகுப்பு), வெள்ளைக்காரர் காலத்தில் நிலத்தை அளந்து வரி நிர்ணயித்த செட்டில்மெண்ட் பதிவேடுகள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சில கிராமங்களைத் தனியாக ஆராய்ந்து அறிக்கை போட்டார்கள். உங்கள் ஊர் அதில் இருந்தால் அதிர்ஷ்டம்தான்! எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குத் துறைத்தலைவரின் கடிதத்தோடு போங்கள், தேட வேண்டிய ஆண்டுகளை முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஊரில் தண்ணீர் பங்கிட்ட பெரியவர் யாராவது இருந்தால் இந்த வாரமே போய், அனுமதி கேட்டுப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். ஆவணம் அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். அவர் இருப்பார் என்று சொல்ல முடியாது.

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன். எம்.ஏ. வரலாறு படித்துப் பள்ளி ஆசிரியராக முடியுமா?

பதில்: தமிழக அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் வேலைக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும், பி.எட். வேறு வேண்டும். அதனால் அந்த வழி கடினம். கல்லூரி வேலைக்கு நெட் எழுதலாம், அதற்கு முதுகலையில் 55 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுக்குத்தான் என்றால் கையில் இருக்கும் பி.காமே போதும், அதற்காக இரண்டு வருடம் செலவிட வேண்டாம்.

கேள்வி: மகள் வரலாறுதான் படிப்பேன் என்கிறாள். ஆசிரியர் வேலையை விட்டால் வேறு என்னம்மா இருக்கிறது?

பதில்: தொல்லியல், அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம் இருக்கின்றன ஐயா. இடங்கள் குறைவுதான், மறைக்க விரும்பவில்லை. மாநிலத் தொல்லியல் துறை கல்வெட்டியலிலும் தொல்லியலிலும் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது. எம்.ஏ. முடித்ததும் அதற்கு விண்ணப்பிக்கலாம். கல்வெட்டுகளில் உள்ள பழைய எழுத்துகளான தமிழ் பிராமியும் வட்டெழுத்தும் படிக்க இப்போதே பழகச் சொல்லுங்கள்.