தலைமுறை இடைவெளியா, வேலைப் பங்கீடா?

அன்புள்ள ஐயா,

ஒரு மென்பொருள் குழுவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். மொத்தம் 22 பேர். அதில் 10 பேர் 45 வயதைத் தாண்டியவர்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் ஆண்கள், நிரந்தரப் பணியில் இருப்பவர்கள். வடிவமைப்பு முழுவதும் அவர்கள் கையில். மற்ற 12 பேரும் 30 வயதுக்குள். ஒன்பது பேர் பெண்கள், அநேகமாக எல்லோருமே ஒப்பந்தப் பணி. டெஸ்டிங்கும் வாடிக்கையாளர் அழைப்புகளும் அவர்கள் வேலை. வாரம் தவறாமல் சண்டை. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே இல்லை" என்று ஒரு பக்கம், "இவர்கள் எதையும் மாற்ற விடமாட்டார்கள்" என்று மறுபக்கம். தலைமுறை இடைவெளி பற்றி மூன்று மணி நேரப் பயிற்சியும், பெண்களுக்குத் தனியாக ஓர் அமர்வும் நடத்தும்படி நிர்வாகம் சொல்லிவிட்டது. தேதியும் குறித்தாயிற்று. இதற்கிடையே குழுவில் ஒருவர், இனித் தம்மைப் பெண்ணாகவே அறிய வேண்டும், பெயரும் மாறுகிறது என்று என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். எதிலிருந்து தொடங்குவது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்களை நம்பிச் சொன்னவரை யாரும் ஊகித்துவிடக் கூடாது. அதனால் துறையையும் எண்களையும் மாற்றித்தான் உங்கள் கடிதத்தை வெளியிட்டிருக்கிறேன். குழுவின் அமைப்பை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன்.

பயிற்சியைத் தலைமுறை என்ற தலைப்பில் நடத்தாதீர்கள். 25 வயதுக்காரர் ஒருவர் நடந்துகொள்ளும் விதத்துக்கு அவருடைய வயது காரணமாக இருக்கலாம், எல்லோருக்கும் பொதுவான இன்றைய சூழல் காரணமாக இருக்கலாம், அவர் பிறந்த ஆண்டு காரணமாக இருக்கலாம். இந்த ஆண்டிலிருந்து வயதைக் கழித்தால் வருவதுதான் பிறந்த ஆண்டு. ஒன்றோடொன்று இப்படிப் பிணைந்திருப்பவற்றில் எது வேலை செய்கிறது என்று தனியே பிரித்துச் சொல்வது மிகக் கடினம். ஒரே ஆண்டில் பிறந்ததனாலேயே மக்கள் ஒரு தலைமுறை ஆகிவிடமாட்டார்கள் என்று சமூகவியலாளர் கார்ல் மன்ஹைம் 1928லேயே எழுதினார். அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் இது குறித்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2020ல் ஓர் அறிக்கை வெளியிட்டன. பணியாளர் நிர்வாக முடிவுகளுக்குத் தலைமுறைப் பிரிவுகளை அடிப்படையாகக் கொள்ள வேண்டாம் என்பதே அதன் முடிவு.

அப்படியானால் உங்கள் குழுவில் நடப்பது என்ன? கடிதத்திலேயே விடை இருக்கிறது. வயது, பால், பணியின் தன்மை, செய்யும் வேலை என்ற நான்கும் ஒரே இடத்தில் வெட்டுகின்றன. லாவ், மர்னிகன் என்ற இரு ஆய்வாளர்கள் 1998ல் இதைப் பூமியின் பிளவுக்கோட்டோடு ஒப்பிட்டு விளக்கினார்கள். வேறுபாடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பரவிக் கிடந்தால் குழு தாங்கும். எல்லாம் ஒரே கோட்டில் விழுந்தால் சின்ன உரசலும் குழுவை இரண்டாகப் பிளக்கும். டெஸ்டிங்கில் ஒரு பிழை கண்டுபிடிக்கப்படுகிறது என்று வையுங்கள். வேறு குழுவில் அது வெறும் பிழை. உங்கள் குழுவில் அது இளையவர் மூத்தவரைக் குறை சொல்வதாகவும், பெண் ஆணைக் குறை சொல்வதாகவும், வேலை நிச்சயமில்லாதவர் நிச்சயமுள்ளவரைக் குறை சொல்வதாகவும் ஆகிவிடுகிறது. தலைமுறைப் பயிற்சியும் பெண்களுக்கான தனி அமர்வும் இதே கோட்டின் மேல் இன்னொரு முறை மை பூசும். இரண்டு நல்ல எண்ணங்கள் சேர்ந்து கெடுதல் செய்யும் இடம் இது.

ஒரு தாள் எடுத்து வரிசைக்கு ஒருவராக எழுதுங்கள். வயது வரம்பு, பால், பணிக்காலம், நிரந்தரமா ஒப்பந்தமா, என்ன வேலை, எந்த ஷிப்ட் என்று ஆறு பத்திகள் போதும். பாலியல் நாட்டம், மதம் போன்றவற்றுக்குப் பத்தி போடாதீர்கள், ஊகித்தும் எழுதாதீர்கள். உங்களிடம் தனியாகச் சொன்னவரின் செய்தியும் அந்தத் தாளில் ஏறக் கூடாது. எந்தெந்தப் பத்திகள் சேர்ந்தே மாறுகின்றன என்று பாருங்கள். அவற்றில் உங்களால் மாற்ற முடிந்தவை வேலையும் ஷிப்டும்தான். கோட்டின் இருபுறமிருந்தும் ஒருவரை எடுத்து இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, 90 நாளில் முடியக்கூடிய ஒரு வேலையைக் கொடுங்கள். முடிவில் இருவர் பெயரும் ஒன்றாக வர வேண்டும், வடிவமைப்பில் இளையவரின் கையெழுத்தும் வேண்டும். சேர்ந்து சாப்பிட வைப்பதும் விளையாட வைப்பதும் இதற்கு ஈடாகாது. இளையவர் மூத்தவருக்குக் கருவிகளைக் கற்றுக்கொடுக்கட்டும் என்று விட்டாலும் பலன் குறைவு. கற்பித்தல் ஒரே திசையில் போனால் கோடு மறுபக்கமாகச் சாயும், அழியாது. மூத்தவர் அறிந்த வாடிக்கையாளர் வரலாறும், ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்ற நினைவும் எதிர்த்திசையில் வர வேண்டும்.

"பொறுப்பில்லை" என்ற புகாரில் பாதி, எந்தச் செய்திக்கு எவ்வளவு நேரத்தில் பதில் வேண்டும் என்று யாரும் சொல்லாததால் வருவது. ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்: உடனடி என்றால் தொலைபேசி, நான்கு மணி நேரம் பொறுக்கும் என்றால் சாட், மறுநாள் போதும் என்றால் மின்னஞ்சல். பணி நேரத்துக்குப் பின் "உடனடி" என்று அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதையும் எழுதுங்கள். இந்த ஒரு வரி விடுபட்டால் எல்லாமே உடனடி ஆகிவிடும்.

பெண்கள் விஷயத்தில் அமர்வு வேண்டாம், கணக்கு எடுங்கள். நான்கு வாரம் போதும். மீட்டிங் குறிப்பு எழுதியது யார், புதிதாக வந்தவருக்கு இடம் காட்டியது யார், கோபமான வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தியது யார், வழியனுப்பு விழா ஏற்பாடு செய்தது யார்? இவை நடக்காவிட்டால் அலுவலகம் தடுமாறும். ஆனால் பதவி உயர்வுப் பேச்சில் இவற்றை யாரும் எடுப்பதில்லை. பொருளாதார ஆய்வாளர் லிண்டா பாப்காக் குழுவினர் 2017ல் வெளியிட்ட சோதனையில், யாராவது ஒருவர் முன்வந்தே ஆக வேண்டிய இத்தகைய வேலைக்குக் கலப்புக் குழுக்களில் பெண்கள் ஆண்களைவிட 48 சதவீதம் அதிகமாக முன்வந்தார்கள். ஆண்கள் மட்டும், பெண்கள் மட்டும் இருந்த குழுக்களில் அந்த வேறுபாடு காணப்படவில்லை. பெண்களின் இயல்பு என்று இதைத் தள்ள முடியாது. அவர்கள்தான் செய்வார்கள் என்று சுற்றியிருப்பவர்கள் காத்திருக்கிறார்கள். அதனால் "யார் செய்கிறீர்கள்?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு அகரவரிசையில் முறை வையுங்கள். முறை தவறியவருக்காக இன்னொருவர் செய்துவிட்டால் தவறியவருக்கு அடுத்த இரண்டு முறை. மூத்த வடிவமைப்பாளருக்கு விலக்கு கொடுத்த அன்றே இந்த ஏற்பாடு செத்துவிடும்.

ஆண்டு மதிப்பீட்டில் பெயரை மறைத்துவிட்டு வாசகங்களை மட்டும் படித்துப் பாருங்கள். "முக்கியமான மூன்று பிழைகளைப் பிடித்தார்" என்பது வேலை. "கொஞ்சம் படபடப்பானவர்" என்பது குணம். குணவரிகளைத் திருப்பி அனுப்பி, எந்த நாள், எந்த வேலை, என்ன விளைவு என்று கேளுங்கள். நான்கு மாத விடுப்பில் போனவருக்கு இலக்கு 12 மாதத்துக்கல்ல, 8 மாதத்துக்கு. விடுப்பு எடுத்த ஆண்டைச் "சராசரி" என்று போடுவது பழகிப்போன அநியாயம். இரண்டு மூன்று ஆண்டு கழித்துச் சம்பளத்தில் அது தெரியும், அப்போது யாருக்கும் காரணம் நினைவிருக்காது.

புதுப்பிக்கப்படும் ஒப்பந்தங்களையும் இதே கண்ணோடு பாருங்கள், ஆனால் ஒரு எச்சரிக்கையோடு. அமெரிக்காவில் ஐந்து கறுப்பினப் பெண்கள் ஜெனரல் மோட்டார்ஸ் மீது தொடுத்த வழக்கில் 1976ல் தீர்ப்பு வந்தது. அந்த நிறுவனம் 1964க்கு முன் கறுப்பினப் பெண்களை எடுக்கவில்லை. பின்னால் ஆள்குறைப்பு வந்தபோது, கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியே என்ற விதியில் அவர்கள் போனார்கள். 1964க்கு முன்பே பெண்களை எடுத்திருக்கிறார்களே என்றது நீதிமன்றம். அவர்கள் வெள்ளையினப் பெண்கள். இனத்தையும் பாலையும் சேர்த்து ஒரே வழக்காக நடத்த அது இடம் தரவில்லை. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989ல் இந்தத் தீர்ப்பை எடுத்து ஆராய்ந்தார். பெண்கள் எத்தனை பேர், ஒப்பந்தக்காரர் எத்தனை பேர் என்று தனித்தனியே எண்ணினால் கணக்கு சரியாகவே தெரியும். ஒப்பந்தத்தில் உள்ள பெண்கள் என்று சேர்த்து எண்ணுங்கள்.

இனி, உங்களிடம் தனியாகச் சொன்னவர். இவர் விஷயத்தில் வேகம் உங்களுடையதல்ல, அவருடையது. யாருக்குத் தெரிய வேண்டும், எப்போது, யார் சொல்ல வேண்டும், அவர் அப்போது அறையில் இருக்க விரும்புகிறாரா என்று நான்கு கேள்விகளையும் அவரிடமே கேளுங்கள். அதுவரை ஹெச்.ஆரிடம்கூட அவர் பெயரைச் சொல்லாமல் விதிமுறையை மட்டும் விசாரிக்கலாம். பிறகு பெயர் எங்கெல்லாம் இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள்: மின்னஞ்சல், அடையாள அட்டை, வருகைப் பதிவு, சாட், வீடியோ அழைப்பில் தெரியும் பெயர், காலண்டர் அழைப்பு, குழுப் பட்டியல், பழைய ஆவணத் தலைப்புகள். சட்டப்படியான பெயர் பொதுவாகச் சம்பளம், வரி, காப்பீடு ஆகியவற்றுக்கே தேவைப்படும். மற்றவற்றில் அவர் சொல்லும் பெயரை வைக்கலாம். பெரும்பாலும் தவறு நடப்பது, மின்னஞ்சலை மாற்றிவிட்டு வீடியோ அழைப்பை மறந்துவிடுவதால். முதல் மீட்டிங்கிலேயே பழைய பெயர் திரையில் வந்து நிற்கும். அறிவிக்கும் நாளுக்கு முந்தைய நாள், அவரோடு ஒரு சோதனை அழைப்பு நடத்திப் பாருங்கள்.

மருத்துவச் சான்று கேட்காதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2019ல் ஏற்ற நோய் வகைப்பாட்டில், பிறப்பில் குறிக்கப்பட்ட பாலிலிருந்து வேறாகத் தம்மை உணர்வது மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. யாராவது பழைய பெயரில் கூப்பிட்டுவிட்டால் உடனே திருத்திக்கொண்டு பேச்சைத் தொடர வேண்டும். நீண்ட மன்னிப்பு, ஆறுதல் சொல்லும் சுமையை அவர் தலையிலேயே வைக்கும். தமிழில் "அவர்" என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்பது உங்களுக்குப் பெரிய வசதி. ஆனால் "அவன், இவன்" என்று பேசிப் பழகிய குழு அதை எல்லோருக்குமாக நிறுத்த வேண்டும், அவருக்கு மட்டும் அல்ல. கழிப்பறைக்கு அவருக்கென்று ஒரு தனிக் கதவை ஒதுக்காதீர்கள். அவர் எதைப் பயன்படுத்த விரும்புகிறார் என்று கேளுங்கள். தனித்தனி அறைகள் இருந்தால் எல்லோருக்கும் திறந்துவிடுங்கள்.

குறித்த தேதியில் அந்த மூன்று மணி நேரத்தையும் இப்படிச் செலவழிக்கலாம். முதல் மணியில் பதில் நேரப் பக்கத்தை எல்லோருமாக எழுதுங்கள். பணிக்காலம் குறைந்தவர் முதலில் பேசட்டும், அதிகமுள்ளவர் கடைசியில். இரண்டாம் மணியில் நான்கு வாரக் கணக்கைத் திரையில் போடுங்கள், ஆட்களின் பெயர் இல்லாமல், மொத்த எண்கள் மட்டும். மூன்றாம் மணியில் ஜோடிகளையும் வேலைகளையும் பிரித்துக்கொள்ளுங்கள். கலெவ், டாபின், கெல்லி என்ற சமூகவியலாளர்கள் மூவரும் 708 பணியிடங்களின் தரவைப் பார்த்து 2006ல் எழுதியதில், மேலாளர் பதவிகளில் மாற்றம் கொண்டுவர வகுப்புகள் பெரிதாக உதவவில்லை. யாராவது ஒருவரைப் பொறுப்பாக்கிய இடங்களில்தான் அதிக மாற்றம் தெரிந்தது. ஆகவே எழுந்து போகும் முன், ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே ஒரு பெயரும் மூன்று மாதத்துக்குள் ஒரு தேதியும் எழுதப்பட்டிருக்கட்டும். அதில் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும்.