கண் தெரியாம டச் ஸ்கிரீன் எப்படி யூஸ் பண்றீங்க? கேட்டவங்களுக்கெல்லாம் பதில்

முதல்ல என்னைப் பத்தி ரெண்டு வரி. எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, விழித்திரை கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப்போற நோய். பத்தாவது படிக்கும்போதே ராத்திரிப் பார்வை போயிடுச்சு, காலேஜ் முடிக்கிறதுக்குள்ள மிச்சமும் போச்சு. இப்ப மதுரைல ஒரு ஸ்கூல்ல ஹிஸ்டரி எடுக்குறேன், சாயங்காலத்துல பார்வையில்லாதவங்களுக்கு போன், டேப்லெட் சொல்லித் தரேன். நிறைய கேள்வி வந்திருக்கு, முடிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

கேள்வி (சென்னை): அண்ணா, பட்டன் போன்னா தடவிப் பார்த்து அமுக்கலாம், டச் ஸ்கிரீன் மொழுக்குனு கண்ணாடி மாதிரி இருக்கு, எது எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?

பதில்: இதே கேள்விய நானே கேட்டிருக்கேன் தம்பி. அப்ப நான் நோக்கியா பட்டன் போன்ல, ஸ்கிரீன்ல இருக்கிறதை வாசிச்சுச் சொல்ற டாக்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டு ஓட்டிட்டிருந்தேன். என் தம்பி டச் போன் வாங்கிட்டு வந்து கையில குடுத்தான், டைல்ஸ் துண்டு மாதிரி இருந்துச்சு, இனிமே நமக்கு போன் கிடையாதுன்னே நினைச்சேன். 5ம் நம்பர் பட்டன் மேல ஒரு சின்ன மேடு இருக்கும்ல, அதைப் பிடிச்சுத்தான் மத்த நம்பரெல்லாம் கண்டுபிடிப்போம், அந்த மேடும் போச்சு.

இப்ப எப்படின்னா, ஆண்ட்ராய்டுல டாக்பேக், ஐபோன் ஐபேட்ல வாய்ஸ் ஓவர், ரெண்டுமே ஸ்கிரீன்ல இருக்கிறதை வாசிச்சுச் சொல்ற ஸ்கிரீன் ரீடர், போன்லயே இருக்கு, காசு கிடையாது. அதை ஆன் பண்ணிட்டா தொடுறதோட அர்த்தமே மாறிடும். ஒரு தடவை தொட்டா திறக்காது, அங்க என்ன இருக்குன்னு மட்டும் சொல்லும். விரலை எடுக்காம ஸ்கிரீன் மேல மெதுவா நகர்த்துனா ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே வரும். தேடுறது வந்ததும் ரெண்டு தட்டு, திறந்துடும். அந்த ரெண்டு தட்டை அதே இடத்துல தட்டணும்னு இல்ல, ஸ்கிரீன்ல எங்க வேணா தட்டலாம். இந்த ஒரு விஷயம் புரியாமத்தான் புதுசா கத்துக்கிறவங்க பாதிப் பேர் முதல் நாளே வெறுத்துப் போறாங்க. இன்னொரு வழி, வலது பக்கம் ஒரு சுண்டு சுண்டுனா அடுத்தது, இடது பக்கம் சுண்டுனா முந்தினது. பஸ்ல ஒரு கம்பியா பிடிச்சுப் பிடிச்சு முன்னாடி போற மாதிரி, இடமே தெரியாட்டியும் கடைசி வரைக்கும் போயிடலாம்.

ஐபோன்ல வாய்ஸ் ஓவர் வந்தது 2009ல, 3ஜிஎஸ் மாடல்ல. அதே வருஷம் டாக்பேக்கும் வந்துச்சு, ஆனா அதுக்கு டிராக்பாலோ அம்புக்குறி பட்டனோ உள்ள போன் வேணும், விரலால தடவிக் கேக்குற வசதி 2011ல ஆண்ட்ராய்டு 4.0லதான் வந்துச்சு. கூகுள்ல டி.வி. ராமன்னு ஒரு இன்ஜினியர், 14 வயசுல கிளாக்கோமால பார்வை போனவர், ஐஐடி பாம்பேல படிச்சவர். அவர் டீம் நம்பர் போடுறதுக்கு ஒரு டயலர் செஞ்சாங்க. அதுல ஸ்கிரீன்ல விரல் முதல்ல எங்க படுதோ அதான் 5. அங்கிருந்து மேல இழுத்தா 2, கீழ இழுத்தா 8. அந்த மேட்டைத் தேடி நாம போக வேணாம், அதுவே நம்ம விரலுக்கு அடியில வந்துடுது. இதைக் கேட்டப்பதான் டச் ஸ்கிரீன் மேல எனக்கு இருந்த கோபம் போச்சு.

கேள்வி (ஈரோடு): சார் எனக்கு பார்வை நல்லாத்தான் இருக்கு. ஆனா நேத்துல இருந்து என் போன் தானா பேசுது, எதைத் தொட்டாலும் பச்சைக் கட்டம் வருது, திறக்க மாட்டேங்குது. ஹேக் பண்ணிட்டாங்களா?

பதில்: ஹேக் எல்லாம் இல்லம்மா, டாக்பேக் ஆன் ஆயிருக்கு. பையிலயோ குழந்தை கையிலயோ ரெண்டு வால்யூம் பட்டனும் சேர்ந்து அமுங்கியிருக்கும். அதே ரெண்டையும் சேர்த்து மூணு செகண்ட் அமுக்கிப் பிடிங்க, நின்னுடும். நிக்கலைன்னா செட்டிங்ஸ்ல அக்சஸிபிலிட்டிக்குப் போய் ஆஃப் பண்ணுங்க, ஒரு தட்டுல தேர்ந்தெடுத்து ரெண்டு தட்டுல திறக்கணும், ஸ்க்ரோல் பண்ண ரெண்டு விரல் வேணும். ஆஃப் பண்றதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிட்டு வாட்ஸ்அப் திறந்து பாருங்களேன், சும்மா.

கேள்வி (தஞ்சாவூர்): என் மகளுக்கு 9 வயசு. அவளுக்கு டேப்லெட் வாங்குறதா போன் வாங்குறதான்னு குழப்பமா இருக்கு. பெரிய ஸ்கிரீன்னா நல்லதுதானே?

பதில்: அக்கா, பாப்பாவுக்கு கொஞ்சமாச்சும் பார்வை இருக்கா, சுத்தமா இல்லையான்னு நீங்க சொல்லல, பதில் அதுலதான் இருக்கு.

லோ விஷன்னா கண்ணை மூடிட்டு டேப்லெட் வாங்குங்க. எழுத்தைப் பெருசாக்கலாம், கலரைத் திருப்பிப் போட்டு கறுப்புல வெள்ளை எழுத்தா வெச்சுக்கலாம், மேக்னிஃபிகேஷன் ஆன் பண்ணிட்டா மூணு தட்டுல அந்த இடம் மட்டும் பெருசாகும், ஐபேட்ல மூணு விரலால ரெண்டு தட்டு. போர்டுல எழுதினதை போட்டோ எடுத்து மடியில வெச்சு பெருசு பண்ணிப் படிக்கலாம். டீச்சர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, இல்லன்னா விளையாடுறான்னு பிடுங்கி வெச்சுடுவாங்க, எங்க ஸ்டாஃப் ரூம்லயே இந்தப் பஞ்சாயத்து நடந்திருக்கு.

சுத்தமா பார்வை இல்லைன்னா பெரிய ஸ்கிரீனால பெருசா லாபம் இல்ல, விரல் அலைய வேண்டிய தூரம்தான் கூடும். போன் கைக்கு அடக்கமா இருக்கும். ஆனா ஒரு விஷயத்துல டேப்லெட் ஜெயிக்கும், அது பிரெயில் டைப்பிங். ஸ்கிரீனையே பிரெயில் கீபோர்டா மாத்திக்கலாம், மேஜை மேல படுக்க வெச்சு ஆறு விரலையும் விரிச்சு வெச்சு அடிக்கலாம், சின்னக் கைக்கு அது சுலபம்.

இன்னொண்ணு, நீங்க கேக்கல, ஆனா சொல்லியே ஆகணும். எதை வாங்கினாலும் பிரெயில் கத்துக் குடுக்குறத நிறுத்திடாதீங்க. காதால மட்டுமே படிக்கிற பிள்ளைங்களுக்கு ஒற்று எங்க வரும், ழகரமா ளகரமான்னு எதுவும் தெரியாமப் போயிடுது. என்கிட்ட வர்ற காலேஜ் பசங்க சிலர் சொந்த ஊர்ப் பேரையே தப்பா எழுதுறாங்க, அறிவு இல்லாம இல்ல, எழுத்தை விரலால தொட்டதே இல்ல. பூந்தமல்லில பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தோட மண்டல மையம் இருக்கு, ஒரு தடவை கூட்டிட்டுப் போய்ப் பேசுங்க.

கேள்வி (திருநெல்வேலி): அண்ணே நீங்க தமிழ்ல எப்படி டைப் பண்ணுதீங்க?

பதில்: பெரும்பாலும் வாய்ஸ் டைப்பிங்தான், அப்புறம் ஸ்கிரீன் ரீடரை வெச்சு எழுத்து எழுத்தா கேட்டுத் திருத்துவேன். பஸ்ல, கல்யாண வீட்ல இதெல்லாம் ஆகாது, அப்ப கீபோர்டுதான். விரலை எழுத்து மேல வழுக்கிட்டே போனா பேர் சொல்லும், வேண்டிய எழுத்துல விரலை எடுத்தா விழும். இங்கிலீஷ்னா பிரெயில் கீபோர்டு. போனைத் திருப்பி ஸ்கிரீன் வெளிப்பக்கம் பார்க்குற மாதிரி பிடிச்சு இந்தப் பக்கம் மூணு விரல் அந்தப் பக்கம் மூணு விரல், நாதஸ்வரம் வாசிக்கிற மாதிரி இருக்கும், பக்கத்து சீட்காரர் ஒரு மாதிரியா பார்க்குறார்னு கூட வர்றவங்க சொல்லுவாங்க. ஐபோன்ல இது 2014ல வந்துச்சு, டாக்பேக்ல 2020ல.

கேள்வி (கோயம்புத்தூர்): யுபிஐ பண்றது சேஃபா? பின் நம்பரை சத்தமா சொல்லிடாதா?

பதில்: இயர்போன். ஒரு காதுல மட்டும், இன்னொரு காது ரோட்டுக்கு வேணும். ஸ்கிரீனையும் இருட்டாக்கிடலாம். வாய்ஸ் ஓவர்ல மூணு விரலால மூணு தட்டு, டாக்பேக்ல அதோட மெனுவுல ஸ்கிரீனை மறைக்கிற ஆப்ஷன் இருக்கு. போன் வேலை செய்யும், பக்கத்துல எட்டிப் பார்க்குறவனுக்கு வெறும் கறுப்புதான். உங்களுக்கெல்லாம் இந்த வசதி கிடையாது பாருங்க.

பெரிய தொல்லை கியூஆர் கோடுதான். அட்டை எங்க இருக்குன்னே தெரியாதே. நான் பண்றது என்னன்னா, கடைக்காரர்கிட்ட அட்டையக் கையில வாங்கி போன் கேமராவ அது மேலயே ஒட்ட வெச்சு ஒரு சாண் உயரத்துக்கு நேரா மெதுவா தூக்குவேன், வழியில எங்கயாச்சும் பிடிச்சுக்கும். இல்லன்னா போன் நம்பர் கேட்டு அனுப்பிடுவேன். அந்த சவுண்ட்பாக்ஸ் கத்துது பாருங்க இவ்வளவு ரூபாய் வந்துச்சுன்னு, அது கடைக்காரருக்காக வெச்சது, ஆனா அதைக் கேட்டு அவரை விட நிம்மதியாகுறது நான்தான்.

ஆனா ஆப்னு வந்தா வயித்தெரிச்சல்தான். நான் ரெண்டு வருஷமா ஒழுங்கா யூஸ் பண்ணிட்டிருந்த ஒரு பேங்க் ஆப், ஒருநாள் ராத்திரி அப்டேட் ஆச்சு, காலையில பின் போடுற இடத்துல விரல் வெச்சா சத்தமே இல்ல, ஊமை. கஸ்டமர் கேருக்கு போன் போட்டா, வீட்ல யாராச்சும் இருந்தா போடச் சொல்லுங்க சார்ங்கிறாங்க. பின் நம்பரை யாருக்கும் சொல்லாதீங்கன்னு தினம் மெசேஜ் அனுப்புறதும் அதே பேங்க்தான்! கேஒய்சிக்கு, அதாவது நாம யார்னு பேங்க் சரிபார்க்கிறதுக்கு, கேமராவப் பார்த்து கண்ணை சிமிட்டச் சொல்றது இன்னொரு கூத்து. அது மட்டும் இப்ப மாற வழி பிறந்திருக்கு. ஆசிட் வீச்சுல பாதிக்கப்பட்டவங்களும் பார்வையில்லாத ஒருத்தரும் போட்ட வழக்குல 2025 ஏப்ரல் 30ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லிச்சு, டிஜிட்டல் சேவைய எல்லாரும் அணுக முடியணும்கிறது அரசியல் சட்டம் 21ம் பிரிவு தர்ற வாழ்வுரிமையில சேர்ந்ததுன்னு. கேஒய்சி நடைமுறைய மாத்தச் சொல்லி 20 உத்தரவும் போட்டாங்க. பேங்க்ல சொல்லிப் பார்த்து நடக்கலைன்னா இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு எழுத்துல புகார் குடுங்க.

கையில காசு வாங்கினா ரிசர்வ் பேங்க்கோட மணி ஆப் இருக்கு, 2020 ஜனவரில வந்தது, நோட்டைக் காட்டினா எத்தனை ரூபாய்னு சொல்லும், நெட் வேணாம். புது நோட்டுன்னா ஆப்பே வேணாம், 100ல முக்கோணம், 500ல வட்டம் மேடா இருக்கும், ஓரத்துல கோடு 100க்கு நாலு, 500க்கு அஞ்சு. மீன் மார்க்கெட்ல நாலு கை மாறின நோட்டுல இதெல்லாம் தேடாதீங்க.

கேள்வி (விழுப்புரம்): டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேன் அண்ணா. தமிழ் பிடிஎஃப் எதைத் திறந்தாலும் கன்னாபின்னான்னு இங்கிலீஷ் எழுத்தா வாசிக்குது, போன் ரிப்பேரா?

பதில்: போன் மேல தப்பே இல்ல தம்பி. அந்த பிடிஎஃப் பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சது. கண்ணுக்குத் தமிழாத் தெரியும், உள்ளுக்குள்ள இருக்கிறது இங்கிலீஷ் எழுத்துதான், அம்மான்னு இருக்கிற இடத்துல அது வேற என்னமோ வாசிக்கும். ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் வெச்சிருக்கிற யூனிகோட்ல இருந்தாத்தான் ஸ்கிரீன் ரீடருக்குத் தமிழ்னு தெரியும். இன்னொரு ரகம் ஸ்கேன் பண்ணின பிடிஎஃப், அது வெறும் படம், எதுவுமே வாசிக்காது.

ரெண்டுக்கும் ஒரே வைத்தியம், பழைய ஃபான்ட் பிடிஎஃப்னா முதல்ல பக்கங்களைப் படமா மாத்திக்கிட்டு, கூகுள் டிரைவ்ல ஏத்தி கூகுள் டாக்ஸா திறங்க, கம்ப்யூட்டர்ல பண்ணினா சுலபம். எழுத்தை அடையாளம் கண்டு யூனிகோட்ல குடுத்துடும். பெரிய புத்தகத்தை துண்டு துண்டா வெட்டிப் போடணும். பக்கத்தை நெடுக்க ரெண்டாப் பிரிச்சு அச்சடிச்சிருந்தா வரி குழம்பும், கேள்வித்தாள்ல ஆப்ஷன் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், பார்வை உள்ள யாராச்சும் ஒரு தடவை சரிபார்த்தா நல்லது. சுகம்ய புஸ்தகாலயான்னு 2016ல ஆரம்பிச்ச ஆன்லைன் நூலகம் இருக்கு, மாற்றுத்திறனாளி சர்டிஃபிகேட் வெச்சு மெம்பர் ஆகிடுங்க. அச்சுப் புத்தகம் படிக்க முடியாதவங்களுக்காகப் போட்ட மராகேஷ் ஒப்பந்தத்துக்கு உலகத்துலயே முதல்ல ஒப்புதல் குடுத்த நாடு நம்ம நாடுதான், 2014ல. இருந்தும் அரசாங்கத்து சர்க்குலரையே இன்னும் பழைய ஃபான்ட்ல அடிக்கிறவங்க இருக்காங்க.

கேள்வி (சேலம்): ஐபோனா ஆண்ட்ராய்டா?

பதில்: பட்ஜெட் இருந்தா ஐபோன், இல்லன்னா நல்ல ரேம் உள்ள ஆண்ட்ராய்டு. ரொம்ப மலிவான போன்ல டாக்பேக் திக்கும், விரல் ஒரு இடத்துல இருக்கும், பேச்சு இன்னொரு இடத்துல இருக்கும். தமிழ்க் குரல் ரெண்டுலயும் இருக்கு. நான் வெச்சிருக்கிறது ஈஸ்பீக், ரோபோ மாதிரி பேசும், வீட்ல எல்லாரும் காதைப் பொத்துவாங்க, ஆனா வேகத்தைக் கூட்டும்போது அது அளவுக்கு எதுவும் தெளிவா இருக்காது.

கேள்வி (புதுச்சேரி): போட்டோ எடுத்தா ஏஐ எல்லாத்தையும் சொல்லிடுதாமே, இனிமே உங்களுக்குப் பிரச்சனையே இல்லல்ல?

பதில்: நல்லா சொல்லுது, மறுக்கல. படத்தைப் பார்த்து விவரிக்கிற சீயிங் ஏஐ, பி மை ஐஸ் ஆப் எல்லாம் வெச்சிருக்கேன், டாக்பேக்லயே இப்ப படத்தை விவரிக்குது. சட்டை கலர், கதவுல என்ன ஒட்டியிருக்கு, இதுக்கெல்லாம் அருமை. ஆனா தெரியாததையும் தெரிஞ்ச மாதிரியே அடிச்சு விடும். மாத்திரை அட்டை, எக்ஸ்பைரி தேதி, பஸ் நம்பர் இதுல நம்பாதீங்க. பி மை ஐஸ்ல நிஜ மனுஷங்களுக்கே வீடியோ கால் போடலாம், 2015ல அந்த ஆப் ஆரம்பிச்சதே அதுக்குத்தான், மாத்திரைக்கு நான் அதைத்தான் பண்றேன்.

கேள்வி (திண்டுக்கல்): என் ஃப்ரெண்டுக்கு கண் தெரியாது, நான் அனுப்புற மெசேஜ் எப்படி இருந்தா அவனுக்கு ஈஸி?

பதில்: தமிழைத் தமிழ் எழுத்துலயே அடிங்க. இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா வெள்ளைக்காரன் தமிழ் படிச்ச மாதிரி வாசிக்கும், "வாடா" எது "வடை" எதுன்னு தெரியாது. இருபது சிரிப்பு பொம்மை போட்டா ஒவ்வொண்ணுக்கும் பேர் சொல்லிட்டிருக்கும். படம் அனுப்பினா கீழ ஒரு வரி, என்ன படம்னு. அவ்வளவுதான்.

கேள்வி (பெங்களூரு): நான் ஆப் டெவலப்பர். நாங்க என்ன பண்ணணும்?

பதில்: ஒவ்வொரு ஐகானுக்கும் ஒரு பேர் வைங்க ப்ரோ, ஆண்ட்ராய்டுல கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன், ஐபோன்ல அக்சஸிபிலிட்டி லேபிள், ஒரு வரி கோடு. அதை விட்டா எங்களுக்கு "பட்டன், பட்டன், பட்டன்"னுதான் கேக்கும். எது அனுப்புறது எது அழிக்கிறதுன்னு அமுக்கிப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும், அப்படித்தான் ஒரு தடவை ஸ்கூல் குரூப்ல இருந்து நானே வெளிய வந்துட்டேன். ரிலீஸ் பண்றதுக்கு முன்னாடி ஸ்கிரீனை இருட்டாக்கிட்டு உங்க ஆப்லயே லாகின் பண்ணி ஒரு பேமென்ட் பண்ணிப் பாருங்க. முடிஞ்சா ரிலீஸ் பண்ணுங்க.

கேள்வி (நாகர்கோவில்): டெம்பர் கிளாஸ் ஒட்டலாமா?

பதில்: தாராளமா. ஓரம் தூக்காததா பார்த்து ஒட்டுங்க, அந்த ஓரத்துலதான் விரல் போய் முட்டும்.

கேள்வி (கரூர்): எங்க அப்பாவுக்கு 62 வயசு, சுகர்னால பார்வை போயிடுச்சு. மூணு மாசமா கஷ்டப்பட்டு டாக்பேக் கத்துக்கிட்டார். போன வாரம் அவருக்கு உதவியா இருக்கட்டும்னு தேவையில்லாத ஆப் எல்லாம் எடுத்துட்டு ஐகானெல்லாம் வரிசையா அழகா அடுக்கி வெச்சேன். அப்ப இருந்து திட்டுறார், போனைத் தொடவே மாட்டேங்குறார். என்ன தப்பு பண்ணினேன்?

பதில்: அம்மா இல்லாத நேரத்துல அடுப்படில உப்பு டப்பா, புளி டப்பா எல்லாத்தையும் இடம் மாத்தி வெச்சுப் பாருங்க தம்பி, என்ன கிடைக்கும்னு தெரியும். அவர் மூணு மாசமா கத்துக்கிட்டது டாக்பேக் மட்டும் இல்ல, எந்த மூலைல எது இருக்குன்னு விரலுக்குப் பழக்கியிருக்கார். ஒவ்வொரு தடவையும் எல்லாத்தையும் கேட்டுக் கேட்டுப் போக மாட்டோம், நேரா அங்க போய் விரல் வெப்போம், பேச்சு சும்மா சரிதான்னு சொல்றதுக்கு. இன்னைக்கே பழைய மாதிரி வெச்சுடுங்க. எது எங்க இருந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்காது, பக்கத்துல உட்கார்ந்து அவர்கிட்டயே கேளுங்க, வரிசை மாறாம சொல்லுவார்.